ஹெர்பி ஹான்காக்: கட்டிய குழுக்களும் கலைத்த குழுக்களும்

1976 ஜூன் 29 இரவு. நியூயார்க் சிட்டி சென்டர் அரங்கில், நியூபோர்ட் ஜாஸ் விழாவின் ஒரு பகுதியாக, ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் அதுவரையிலான இசையைத் திரும்பிப் பார்க்கும் கச்சேரி நடந்தது. அப்போது அவருக்கு வயது 36தான். அன்று மேடையேறியவை மூன்று குழுக்கள். ஒன்று, டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸிடம் அவர் வாசித்த ஐவர் குழு. மைல்ஸின் இடத்தில் ஃப்ரெடி ஹப்பர்ட் டிரம்பெட் வாசித்தார். இன்னொன்று, 1970களின் தொடக்கத்தில் அவர் நடத்திக் கலைத்த ம்வாண்டிஷி குழு. மூன்றாவது, அப்போது அவர் நடத்திக்கொண்டிருந்த ஃபங்க் (தாளம் முந்தி நிற்கும் நடன இசை) குழு. அகௌஸ்டிக் பியானோ, எலக்ட்ரிக் பியானோ, கிளாவினெட், சின்தசைசர் எல்லாவற்றுக்கும் பின்னால் உட்கார்ந்திருந்தவர் ஒருவர்தான்.

காலத்துக்கேற்ப வேடம் மாற்றுகிறவர் என்று ஹான்காக்கைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. ஆல்பங்களை வரிசையாகக் கேட்டால் அந்தப் பேச்சு நிற்காது. கருவிகள் மாறின, ஆட்கள் மாறினார்கள். ஆனால் எந்தக் குழுவிலும் அவர் தன் கை செய்யக்கூடிய வேலையில் பாதியைச் செய்யாமல் விட்டார், அந்த இடத்தில் மற்றவர்கள் வாசித்தார்கள். அப்படி விட்ட இடங்களில் அவருடைய குழுக்கள் வென்றிருக்கின்றன. விட மறந்த ஆல்பங்கள் தோற்றிருக்கின்றன.

சிகாகோவிலிருந்து

1940 ஏப்ரல் 12 அன்று சிகாகோவில் பிறந்தவர். ஏழு வயதில் பியானோ. பதினோரு வயதில், 1952 பிப்ரவரியில், சிகாகோ சிம்ஃபனி இசைக்குழுவோடு சேர்ந்து மோட்சார்ட்டின் 26ஆம் பியானோ கான்செர்ட்டோவின் முதல் பகுதியை வாசித்தார். ஜாஸ் பிற்பாடு வந்தது, அதுவும் வாத்தியார் இல்லாமல். ஜார்ஜ் ஷியரிங் இசைத்தட்டுகளைக் கேட்டு, ஊசியைத் தூக்கி வைத்து, ஒவ்வொரு சொற்றொடராக எழுதி எடுத்துக்கொண்டார். ஹை-லோஸ் என்ற நால்வர் பாடகர் குழுவின் நெருக்கமான குரலடுக்குகளைக் கேட்டு ஹார்மனி கற்றார். அவற்றில் பலவற்றை அமைத்தவர் கிளேர் ஃபிஷர். பின்னாளில் ஹான்காக்கின் கார்ட்களில் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டங்களில்) ஸ்வரங்கள் தனித்தனிக் குரல்களைப் போல அசைவதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

அயோவாவின் கிரின்னெல் கல்லூரியில் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் படிக்கச் சேர்ந்து, பிறகு இசைக்கு மாறினார். அந்தப் படிப்பு வீண்போகவில்லை. சின்தசைசர் வந்தபோது பல ஜாஸ் பியானோக்காரர்கள் ஒதுங்கினார்கள், அவர் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார்.

தர்பூசணிக்காரர் கட்டிய வாடகை

1961 தொடக்கத்தில் டிரம்பெட் கலைஞர் டொனால்ட் பேர்ட் அவரை நியூயார்க்குக்கு அழைத்து வந்தார். அடுத்த ஆண்டு ப்ளூ நோட் நிறுவனத்துக்கு முதல் ஆல்பம் பதிவு செய்யும் வாய்ப்பு. பேர்ட் சொன்ன யோசனை இது: உன் பாட்டுகளின் பதிப்புரிமையைக் கம்பெனிக்குக் கொடுக்காதே, சொந்தப் பதிப்பகம் ஒன்றைப் பதிவு செய்து அதில் வை. அந்தக் காலத்தில் இளம் ஜாஸ் கலைஞர் ஒருவர் ஆல்பம் வாய்ப்பு வாங்க வேண்டுமென்றால் பாட்டின் உரிமையை விடுவது வழக்கம். ஹான்காக் விட மறுத்து எழுந்துகொண்டார், நிறுவனம் இறங்கி வந்தது.

1962 மே 28 அன்று பதிவான ‘டேக்கின் ஆஃப்’ ஆல்பத்தின் முதல் உருப்படி ‘வாட்டர்மெலன் மேன்’. சிகாகோ தெருவில் தர்பூசணி விற்றவரின் வண்டிச் சத்தமும், அவரைக் கூப்பிடும் பெண்களின் குரலும் அதன் கரு. வழக்கமான ப்ளூஸ் 12 பார் (நம் ஆவர்த்தனம் போன்ற தாள அளவு), இது 16. எஃப் கார்டில் நாலு பார், பி ஃபிளாட்டில் இரண்டு, மறுபடி எஃப்பில் இரண்டு என்பதுவரை சாதாரண ப்ளூஸ்தான். அதற்குப் பிறகு சி–பி ஃபிளாட் இறக்கம் ஒரு தடவை வந்து வீடு திரும்ப வேண்டும். ஹான்காக் அதை மூன்று தடவை திருப்பிவிட்டு, கடைசி இரண்டு பாரில்தான் எஃப்புக்கு வருகிறார். கேட்கிறவர் காதில் தங்கிவிடுவது அந்த மூன்று தடவைத் தள்ளிப்போடல்.

அந்தப் பதிவில் ஹப்பர்டோடு டெனர் சாக்ஸபோன் வாசித்தவர் டெக்ஸ்டர் கார்டன். இந்தப் பெயர் 24 ஆண்டுகள் கழித்துத் திரும்ப வரும்.

கியூபத் தாளக் கலைஞர் மோங்கோ சாந்தமரியாவின் குழுவில் சில நாட்கள் மாற்றாளாக வாசித்தபோது ஹான்காக் இந்த உருப்படியைக் காட்டினார். 1963இல் சாந்தமரியாவின் பதிப்பு அமெரிக்க ஹிட் வரிசையில் பத்தாம் இடம்வரை போனது. உரிமை ஹான்காக்கிடம் இருந்ததால் பணமும் அவருக்கே வந்தது. அதில் ஏசி கோப்ரா காரை வாங்கினார் என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். இந்த ஆய்வுக்குக் கார் முக்கியமில்லை. பத்து வருடங்களுக்குப் பிறகு, செலவுக்கு வருமானம் கட்டாத ஒரு குழுவை அவர் மூன்று ஆண்டுகள் ஓட்ட முடிந்ததற்கு இந்த உரிமைத்தொகைதான் காரணம்.

காந்தாரத்தை விடுவது

1963 மே மாதம் மைல்ஸ் டேவிஸ் அழைத்தார். டிரம்ஸில் டோனி வில்லியம்ஸ், வயது 17. பேஸில் ரான் கார்ட்டர். 1964இல் வெய்ன் ஷார்ட்டர் சாக்ஸபோனுக்கு வந்ததும் குழு முழுமை பெற்றது.

இங்கே ஹான்காக் கற்றதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வாசிப்பில் தேங்கிப்போயிருந்த ஒரு நாளில் மைல்ஸ் அவரிடம் ‘வெண்ணெய் ஸ்வரங்களை வாசிக்காதே’ என்றாராம். மைல்ஸ் சொன்னது ‘கீழ் ஸ்வரங்கள்’ என்றுகூட இருந்திருக்கலாம். அந்தக் கரகரத்த குரலில் இவருக்கு வெண்ணெய் என்று கேட்டது. வெண்ணெய் என்றால் கொழுப்பு, கொழுப்பு என்றால் எல்லோருக்கும் தெரிந்த வெளிப்படையான ருசி என்று எடுத்துக்கொண்டார். ஒரு கார்டில் வெளிப்படையான ருசி எது? மூன்றாவது ஸ்வரமும் ஏழாவதும். நம் கணக்கில் காந்தாரமும் நிஷாதமும். கார்ட் மேஜரா மைனரா என்று காட்டிக்கொடுப்பது காந்தாரம். அது எந்தப் பக்கம் நகரத் துடிக்கிறது என்று சொல்வதில் பெரும்பங்கு நிஷாதத்துக்கு.

அவை இரண்டையும் எடுத்துவிட்டால் தனி வாசிப்பவருக்கு இரண்டு காந்தாரமும் திறந்திருக்கின்றன. பியானோ பெரிய காந்தாரத்தைப் பிடித்துவைத்திருக்கும்போது டிரம்பெட் சின்னக் காந்தாரத்தில் நீடித்து நின்றால் உரசும். பியானோ எதையும் சொல்லாதிருந்தால் டிரம்பெட் எதைச் சொன்னாலும் அதுவே அந்தக் கணத்தின் ராகம். முயன்று பார்க்கிறவர்கள் இங்கே ஒரு தவறு செய்வதுண்டு: காந்தாரத்தை எடுத்துவிட்டு, பயத்தில் அந்த இடத்தை வேறு நாலு ஸ்வரங்களால் நிரப்புவார்கள். அப்போது கார்ட் திறக்காது, கலங்கும். விட்ட இடம் காலியாகவே இருக்க வேண்டும்.

ஐரோப்பிய மேடை ஒன்றில் ‘ஸோ வாட்’ வாசிக்கும்போது ஹான்காக் பளிச்சென்று ஒரு தவறான கார்டை அழுத்திவிட்டார். மைல்ஸ் ஒரு கணம் நின்று, அந்தக் கார்டைச் சரியாக்கும் ஸ்வரங்களை வாசித்தார். பியானோக்காரர் தவறு என்று பார்த்ததை டிரம்பெட்காரர் நடந்துவிட்ட ஒன்றாக மட்டும் எடுத்துக்கொண்டார். ஹான்காக் வாழ்நாள் முழுக்க இதைச் சொல்லிக்கொண்டிருப்பதில் வியப்பில்லை.

1966இல் பதிவான ‘மைல்ஸ் ஸ்மைல்ஸ்’ ஆல்பத்தில் இது எல்லைக்கே போகிறது. ‘ஆர்பிட்ஸ்’, ‘டொலோரஸ்’, ‘ஜிஞ்சர்பிரெட் பாய்’ மூன்றிலும் அவருடைய இடது கையே இல்லை. மற்றவர்கள் வாசிக்கும்போது பியானோ மௌனம், தன் முறை வந்ததும் வலது கையில் ஒற்றை வரி. பேஸும் டிரம்ஸும் எவ்வளவு தூரம் ஓடுகின்றன என்பது அப்போதுதான் காதுக்குத் தெரிகிறது.

‘மெய்டன் வாயேஜ்’ 1965 மார்ச் 17 அன்று, மைல்ஸ் குழுவின் கார்ட்டரையும் வில்லியம்ஸையும் வைத்து, தன் பெயரில் பதிவு செய்தது. 32 பாருக்கு மொத்தம் நாலே கார்ட். இடது கை டி, வலது கை ஏ மைனர் செவன்த். நாலு பார் அப்படியே. அதே அமைப்பு எஃப்புக்கு மேலே நகர்ந்து இன்னும் நாலு பார். இந்த எட்டு பார் இரண்டு தடவை. நடுப்பகுதியில் ஈ ஃபிளாட்டில் நாலு, டி ஃபிளாட் மைனரில் நாலு. மீண்டும் முதல் எட்டு. முதல் மூன்று கார்டிலும் காந்தாரம் இருக்க வேண்டிய இடத்தில் மத்யமம் நிற்கிறது. ஒன்று இன்னொன்றுக்குத் தீர்வாக வருவதில்லை, கரை தெரியாத நீரில் மிதப்பதுபோல அடுத்தடுத்து வருகின்றன. தொடக்கத்தில் ஒரு டிவி விளம்பரத்துக்காக எழுதிய மெட்டு இது என்பது பலருக்குத் தெரியாது. வாசிக்கிறவர்கள் கெடுப்பது பெரும்பாலும் தாளத்தில்: பியானோவின் அந்தத் துண்டு தாளத்தை டிரம்ஸும் அப்படியே அடித்தால் கப்பல் நின்றுவிடும்.

பதினைந்து அட்சரம், பெரிய லாரி

1968இல் மைல்ஸின் குழுவிலிருந்து வெளியேறினார். அதற்குச் சற்று முன், பதிவறையில் அகௌஸ்டிக் பியானோவைத் தேடியவருக்கு மைல்ஸ் மூலையிலிருந்த எலக்ட்ரிக் பியானோவைக் காட்டினார். பொம்மை என்று நினைத்து உட்கார்ந்தவர், ஒரு கார்ட் அழுத்தியதும் மனம் மாறினார். வால்யூமைத் தானே கூட்டிக்கொள்ளலாம், டோனி வில்லியம்ஸ் எவ்வளவு பலமாக அடித்தாலும் கேட்கும்.

சொந்த அறுவர் குழுவின் முதல் பெரிய பதிவு 1970 டிசம்பர் 31இல். உறுப்பினர்கள் சுவாஹிலிப் பெயர்களை ஏற்றார்கள். ஹான்காக் ம்வாண்டிஷி, அதாவது எழுதுபவர். டிரம்பெட் வாசித்த எடி ஹெண்டர்சன் உண்மையிலேயே மருத்துவர், அவர் பெயர் ம்கங்கா, வைத்தியர். அந்த ஆல்பத்தின் ‘ஓஸ்டினாட்டோ’ 15 அட்சரச் சுழற்சியில் போகிறது, எட்டும் ஏழுமாக. கணக்கு பேஸில் மட்டும் கெட்டியாக இருக்கிறது; மேலே இருப்பவர்கள் அதன்மேல் மிதக்கிறார்கள்.

1972இல் வந்த ‘கிராஸிங்ஸ்’ ஆல்பத்துக்காக சான் ஃபிரான்சிஸ்கோவில் சொந்த ஸ்டுடியோ வைத்திருந்த பேட்ரிக் க்ளீசனிடம் மூக் சின்தசைசரைத் தயார்செய்து தரக் கேட்டார்கள். அவர் போட்ட ஒலிகளைக் கேட்ட ஹான்காக், நீங்களே பதிவு செய்யுங்கள் என்று சொல்லி, குழுவிலும் சேர்த்துக்கொண்டார். தான் வாசிக்க வேண்டிய கருவியை இன்னொருவர் கையில் விடுகிற இந்தக் குணம் எத்தனை பேருக்கு இருக்கும்?

இசையாக ம்வாண்டிஷி அவர் கட்டியவற்றில் மிகத் துணிந்தது என்பதே எங்கள் கருத்து. தொழிலாக அது ஓடவில்லை, காரணங்களும் தெளிவு. ஆறேழு பேருக்குச் சம்பளம், பயணம், தங்குமிடம். ஊர் ஊராகச் சுமக்க வேண்டிய சின்தசைசர்களும் ஒலிக்கருவிகளும். இருபது நிமிடம் ஓடும் உருப்படிகளுக்கு வானொலியில் இடமில்லை, வானொலியில் வராததால் ஆல்பம் விற்கவில்லை, விற்காததால் பெரிய அரங்கம் இல்லை, சிறிய கிளப்பின் வசூல் இந்தச் செலவுக்குக் காணாது. வாட்டர்மெலன் மேனின் பணம் அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது. 1973இல் குழுவைக் கலைத்தார். வானத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது போதும், கொஞ்சம் மண் வேண்டும் என்ற பொருளில் பிற்பாடு எழுதினார்.

பென்னி மாப்பினை மட்டும் வைத்துக்கொண்டது

கலைத்த விதம் கவனிக்கத்தக்கது. சாக்ஸபோனும் பேஸ் கிளாரினெட்டும் வாசித்த பென்னி மாப்பின் தவிர எல்லோரும் போனார்கள். ஃபங்க் வாசிக்கத் தெரிந்த ஜாஸ்காரர்களைத் தேடாமல், ஜாஸும் தெரிந்த ஃபங்க்காரர்களைத் தேடினார்: பேஸுக்கு பால் ஜாக்சன், டிரம்ஸுக்கு ஹார்வி மேசன், தாளவாத்தியங்களுக்கு பில் சம்மர்ஸ். ஐந்து பேர். கிட்டார் கிடையாது.

கிட்டாரை விட்டது வசதிக்காக அல்ல. அந்த வேலையை ஹோஹ்னர் டி6 கிளாவினெட்டில் தானே செய்ய நினைத்தார். 60 கட்டை, 60 தந்தி. கட்டையை அழுத்தினால் அடியிலிருக்கும் ரப்பர் முனை தந்தியை ஒரு உலோகத் தட்டின்மேல் அமுக்கி ஒலிக்கச் செய்யும். விரலை எடுத்தால் தந்தியில் சுற்றிய நூல் ஒலியை உடனே அடக்கிவிடும். சஸ்டெயின் பெடல் இல்லை. ஆகவே இதில் ஸ்வரம் எப்போது தொடங்குகிறது என்பதைப்போலவே எப்போது முடிகிறது என்பதும் தாளமாகிறது. பியானோப் பழக்கத்தில் விரலைத் தாமதமாக எடுப்பவர்கள் கையில் கிளாவினெட் குழைந்து போகும். மிருதங்கத்தில் கையைத் தோலிலேயே வைத்திருப்பது போல.

‘கமீலியன்’ 15 நிமிடம் 41 விநாடி. முதல் பகுதி முழுக்க இரண்டே கார்ட்: பி ஃபிளாட் மைனர் செவன்த், ஈ ஃபிளாட் செவன்த். பி ஃபிளாட்டை ஷட்ஜமாக வைத்துப் பார்த்தால் ஸ்வரங்கள் கரகரப்பிரியாவின் ஏழு. அந்தப் புகழ்பெற்ற பேஸ் வரியை வாசிப்பது பேஸ் கிட்டார் இல்லை, ஹான்காக் கையிலிருக்கும் ஆர்ப் ஆடிஸி சின்தசைசர். ஜி, ஏ ஃபிளாட், ஏ என்று அரை அரை ஸ்வரமாக ஏறி பி ஃபிளாட்டில் விழுகிறது. அதே ஏற்றம் சி, டி ஃபிளாட், டி வழியாக ஈ ஃபிளாட்டுக்கு. பேஸ் கிட்டார் விடுதலையாகிவிட்டதால் பால் ஜாக்சன் மேல் ஸ்தாயியில், கிட்டார் போல, ஒரு துண்டு வாசிக்கிறார். இல்லாத கிட்டாரின் இடத்தை இப்படி இருவர் பங்கிட்டுக்கொண்டார்கள்.

இந்த உருப்படியை மேடையில் எடுப்பவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. வரி எளிது என்பதால் நாலாவது சுற்றிலேயே அலங்காரம் தொடங்கிவிடும். அசலில் ஒவ்வொரு கருவியாக நுழைகிறது, நுழைந்தது தன் துண்டை மாற்றாமல் திருப்புகிறது. பேஸ் வரி ஆடினால் அதன்மேல் கட்டிய எல்லாம் ஆடும்.

1973 செப்டம்பரில் பதிவாகி அக்டோபரில் வந்த ‘ஹெட் ஹன்டர்ஸ்’ பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 13ஆம் இடம் பிடித்தது. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

அதில் வாட்டர்மெலன் மேனும் மறுபடி வருகிறது, ஹார்வி மேசனின் யோசனையில் வேகம் குறைந்து, தலைகீழாக மாறி. தொடக்கத்தில் பில் சம்மர்ஸ் ஒரு பீர் பாட்டிலை ஊதியபடி இடையிடையே குரல் கொடுக்கிறார். மத்திய ஆப்பிரிக்க பா-பென்செலே மக்களின் ஹிண்டேவு இசை அது. ஒரே குழலொலியும் குரலும் மாறி மாறிப் பின்னுவது. சம்மர்ஸ் அதை ஒரு களப்பதிவுத் தட்டிலிருந்து எடுத்தார். அந்தப் பகுதி அழகு. ஆனால் உருப்படியின் உரிமை ஹான்காக் பெயரில், பா-பென்செலே மக்களுக்கு அதில் பங்கில்லை. 1962இல் தன் உரிமைக்காக நாற்காலியைவிட்டு எழுந்தவர் அவர். இன இசையியலாளர்கள் இதைக் கேள்வி கேட்டபோது, ஒரே மூதாதையரின் பிள்ளைகளுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல் என்ற பொருளில் பதில் சொன்னார். எங்களுக்கு அது போதுமான பதிலாகப் படவில்லை.

இறக்கமும் ராக்கிட்டும்

1976 கச்சேரிக்குப் பிறகு ஐவர் குழு, ஒரே ஒரு தடவை நடக்கும் தனிச்சிறப்பு நிகழ்ச்சி என்று பொருள்படும் வி.எஸ்.ஓ.பி. என்ற பெயரிலேயே ஊர் சுற்றியது. 1978இல் சிக் கொரியாவோடு இரண்டு அகௌஸ்டிக் பியானோக் கச்சேரிகள் பல. அதே ஆண்டு ‘சன்லைட்’ ஆல்பத்தில் வோகோடர் வழியாகத் தன் குரலைச் சின்தசைசரில் ஏற்றிப் பாடினார். அடுத்து 1979 முதல் 1982 வரை வந்த நடன ஆல்பங்கள்தான் அவருடைய பலவீனமான பகுதி. நடன இசை என்பதால் அல்ல. கமீலியனும் நடன இசைதான். பாட்டு, குரல், தந்திக்குழு, பின்னணிப் பாடகர் என்று எல்லா இடமும் முன்கூட்டியே நிரம்பியிருந்தது. டிரம்ஸ்காரர் ஒரு சொல் மாற்றிச் சொன்னால் பதில் சொல்ல யாருக்கும் இடமில்லை.

1983இல் ‘ராக்கிட்’ அதைத் திருப்பியது. பில் லாஸ்வெல்லும் மைக்கேல் பைன்ஹார்னும் நியூயார்க்கில் தாளத்தை முதலில் கட்டினார்கள்: டிரம் மெஷின், அதன்மேல் டேனியல் போன்சேயின் கியூப பட்டா மத்தளங்கள், கிராண்ட்மிக்ஸர் டி.எஸ்டி.யின் இசைத்தட்டுக் கீறல். அந்தக் கீறல் தனி வாசிப்புக் கருவியாகவே நடத்தப்படுகிறது. ஹான்காக் வந்து மேலே மெட்டை வைத்தார். அவர் வாசிப்பது கொஞ்சம்தான். காட்லி–கிரீம் எடுத்த வீடியோவில் ஜிம் வைட்டிங்கின் இயந்திர பொம்மைகள் ஆடுகின்றன. ஹான்காக் ஒரு சின்ன டிவி பெட்டிக்குள் மட்டும் தெரிகிறார். கறுப்பினக் கலைஞர்களை எம்டிவி அரிதாகவே காட்டிய காலம், அது தெரிந்தே செய்த ஏற்பாடு. 1984இல் முதல் எம்டிவி வீடியோ விருது விழாவில் ஐந்து விருதுகள் கிடைத்தன.

அந்தப் பரபரப்பு அடங்குவதற்குள் ‘ரவுண்ட் மிட்நைட்’ படம், 1986. நாயகன், நடிகராக வந்த டெக்ஸ்டர் கார்டன். இசையைப் பின்னால் ஒட்டாமல் படப்பிடிப்பின்போதே நேரடியாகப் பதிவு செய்தார்கள். ஹான்காக்குக்கு ஆஸ்கார்.

பிந்தைய ஆண்டுகளில் விருதுகளும் பதவிகளும் நிறைய. 2010இன் ‘தி இமேஜின் ப்ராஜெக்ட்’ ஆல்பத்தில் ‘தி சாங் கோஸ் ஆன்’ என்ற பாட்டில் நம் சித்ரா பாடியிருக்கிறார். சாக்கா கானும் அனுஷ்கா சங்கரின் சிதாரும் வெய்ன் ஷார்ட்டரின் சாக்ஸபோனும் கூட. சின்னக்குயிலின் குரலைத் திரைப்பாட்டில் மட்டும் கேட்டவர்கள் இதை ஒருமுறை தேடிக் கேட்கலாம்.

2007இன் ‘ரிவர்’ ஜோனி மிட்செல்லின் பாட்டுகளை எடுத்துச் செய்தது. 2008 பிப்ரவரியில் அதற்கு ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி கிடைத்தது. ஒரு ஜாஸ் ஆல்பம் அதைப் பெற்று 43 ஆண்டுகள் ஆகியிருந்தன. பதிவறையில் ஹான்காக் இசைக்கலைஞர்களுக்குப் பாட்டு வரிகளை நகலெடுத்துக் கொடுத்து, பொருளைப் பேசிவிட்டுத்தான் தொடங்கினார். பாடகர் இல்லாத உருப்படிகளுக்கும் அப்படியே. ‘போத் சைட்ஸ் நவ்’ அதில் ஒன்று. மெட்டு முழுசாக ஓரிடத்திலும் வெளிவருவதில்லை. பியானோ இரண்டு ஸ்வரம் வைக்கிறது, நிறுத்துகிறது. 1964 முதல் கூட இருந்த ஷார்ட்டர் அந்த இடைவெளியில் ஒரே ஒரு நீண்ட ஸ்வரத்தை ஊதுகிறார்.